சிஸ்டம்டி-அனலைஸ்: பிளேம் சுமார், கிரிட்டிகல்-செயின் பிரமாதம்

கையால் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடுகிற சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), ரீபூட் செய்தால் மட்டும் விழுந்து கிடக்கும். சர்வர் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் பழகிய தலைவலி இது. இதற்கு நான் முதலில் எடுப்பது சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கமாண்ட். லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு சேர்ந்தே வருகிறது, காசு கிடையாது.

பலரும் முதலில் தட்டுவது ‘பிளேம்’. எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு சர்வீஸ் இன்னொன்றுக்காகக் காத்திருந்த நேரமும் அதன் கணக்கிலேயே ஏறியிருக்கலாம். கிளப்பியதுமே தயார் என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும் டைப் ‘சிம்பிள்’ சர்வீஸ்கள் இந்தப் பட்டியலில் வரவே வராது.

‘கிரிட்டிகல்-செயின்’தான் இதன் உயிர். யூனிட் (சிஸ்டம்டி கவனிக்கும் சர்வீஸ் போன்ற ஒன்று) பெயரைக் கொடுத்தால், அது யாருக்காகக் காத்திருந்தது, அவர் யாருக்காகக் காத்திருந்தார் என்று கிளை கிளையாக இறங்கும். அட் குறிக்குப் பின்னால் இருப்பது யூனிட் எப்போது தயாரானது என்ற நேரம். பிளஸ் குறிக்குப் பின்னால் இருப்பது அதற்கு எவ்வளவு பிடித்தது என்பது. நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும் நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் சர்வீஸ், கேபிள் செருகாத போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 2 நிமிடம் பளிச்சென்று தெரியும். அதன் டிஃபால்ட் கெடுவே 120 நொடி.

ஆனால் யூனிட் ஃபைலில் (யூனிட்டின் அமைப்புகள் இருக்கும் ஃபைல்) எழுதாத வரிசையை இந்தக் கருவியால் காட்ட முடியாது. டேட்டாபேஸ் தேவைப்படும் ஓர் ஆப்புக்கு ‘ரெக்கொயர்ஸ்’ (இது தேவை) மட்டும் எழுதி ‘ஆஃப்டர்’ (இதற்குப் பிறகு கிளப்பு) எழுதாமல் விட்டால், சிஸ்டம்டி இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். டேட்டாபேஸ் இன்னும் எழுந்திருக்காது, ஆப் விழும். விழுந்தால் மறுபடி கிளப்பச் சொல்லும் ‘ரீஸ்டார்ட்’ போட்டிருந்தாலும் டிஃபால்ட் இடைவெளி 100 மில்லிசெகண்ட்தான். அடுத்தடுத்து முட்டி, 10 நொடிக்குள் 5 தடவை என்ற வரம்பைத் தொட்டதும் சிஸ்டம்டி அதைக் கைவிட்டுவிடும். அப்புறம்தான் டேட்டாபேஸ் தயாராகும். இந்த மாதிரி நேரத்தில் செயினைப் பார்த்தால் டேட்டாபேஸ் பெயரே அதில் இருக்காது. துப்பு அதுதான். யூனிட் அமைப்பைத் திருத்தும் ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கமாண்டைப் போட்டு ‘ஆஃப்டர்’ வரியைச் சேர்த்து, ரீபூட் செய்து, அதே கமாண்டை மறுபடி ஓட்டுங்கள். இப்போது பெயர் வந்துவிடும்.

யூனிட் ஃபைலைச் சோதிக்கும் ‘வெரிஃபை’யும் நல்ல சரக்கு. எழுத்துப்பிழை உள்ள வரி, இல்லாத ஃபைலைச் சுட்டும் எக்செக்ஸ்டார்ட் (எந்த புரோகிராமை ஓட்டுவது என்று சொல்லும் வரி) எல்லாவற்றையும் ரீபூட்டுக்கு முன்பே சொல்லிவிடும். ஒன்றுக்கொன்று காத்திருக்கும் சுழற்சி இருந்தால், பூட் சமயத்தில் சிஸ்டம்டி ஏதாவது ஒரு ஜாபை (யூனிட்டைக் கிளப்பும் வேலையை) தூக்கி எறிந்துவிட்டு மேலே போகும். எதை எறிந்தது என்று ஜர்னலில்தான் (சிஸ்டம்டியின் லாகில்) தேட வேண்டும்.

யூனிட்களுக்கு இடையேயான சார்புகளைக் காட்ட ‘டாட்’ வரையும் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொத்த சிஸ்டத்துக்கும் வரைந்தால் கோடுகளின் காடு, ஒன்றும் பிடிபடாது. சந்தேகப்படும் யூனிட்டின் பெயரை மட்டும் கொடுத்து வரையுங்கள், சரியாக இருக்கும்.