ராஸ்பெர்ரி இலையா, பிளாக்பெர்ரி இலையா: எதற்கு எது?

ஐரோப்பியக் கைவைத்தியத்தில் இந்த இரண்டு இலைகளையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் ரூபஸ் என்ற ஒரே தாவரப் பேரினம், இரண்டிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு, இரண்டுமே துவர்க்கும். ஆனாலும் வயிறு, வாய், தொண்டைக்குப் பிளாக்பெர்ரி; மாதவிடாய் வலிக்கு ராஸ்பெர்ரி. இப்படிப் பிரித்து வைத்துக்கொள்வதே நல்லது.

முதலில் இலையை அடையாளம் காண வேண்டும். ராஸ்பெர்ரியில் சிற்றிலைகள் காம்பின் இருபுறமும் ஜோடியாக, நுனியில் ஒன்றாக நிற்கும். அடிப்புறம் வெள்ளைப் பஞ்சு பூசியதுபோல் இருக்கும். பிளாக்பெர்ரியில் பெரும்பாலும் விரல்களைப்போல ஒரே புள்ளியிலிருந்து விரியும். அடிப்புற நடுநரம்பில் கொக்கி முள் இருக்கும். சில பிளாக்பெர்ரி வகைகளுக்கும் அடிப்புறம் வெளுத்திருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டையும் பூக்கும் முன், பனி காய்ந்த பிறகு பறித்து, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உலர்த்த வேண்டும். கையில் நொறுங்கினால் ஆயிற்று. நரம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த ராஸ்பெர்ரி இலையைத் தேய்த்தால் தூளாகாது, பஞ்சாகத் திரளும். அதனால் ஸ்பூன் அளவு ஏமாற்றும், எடை போட்டே எடுக்க வேண்டும். சாதாரண வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். மெல்லிய துணியில் வடித்தால் தொண்டையில் உறுத்தாது. பிளாக்பெர்ரியில் அந்தத் தொல்லை இல்லை, முள்தான் வடிபட வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஜெர்மன் அரசின் மூலிகை மருந்துக் குழு (கமிஷன் ஈ) சொன்ன பிளாக்பெர்ரி இலையின் அளவு நாளொன்றுக்கு 4.5 கிராம். 1.5 கிராம் இலையில் 150 மி.லி. கொதிநீர் ஊற்றி, மூடி, 10 நிமிடம் கழித்து வடிக்கலாம். நாளுக்கு மூன்று வேளை. வாய் கொப்பளிக்க இதையே இன்னும் கெட்டியாகப் போட்டு, ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். குடிப்பதற்கு அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது: டானின் அதிகம் இறங்கி, குமட்டலும் மலச்சிக்கலும் வரும். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு இது மாற்றல்ல. மலத்தில் ரத்தம், காய்ச்சல், அல்லது மூன்று நாளில் நிற்காத போக்கு என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதவிடாய் வலியில் ராஸ்பெர்ரிதான் முந்துகிறது. லேசான இழுப்புவலிக்கு இதன் பாரம்பரியப் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றிருக்கிறது. 1941-இல் ஆய்வாளர்கள் பர்னும் விதெல்லும் விலங்குகளின் கருப்பையில் இதன் சாற்றைச் சோதித்து, தசையைத் தளர்த்தும் கூறு ஒன்று இருப்பதாக எழுதினார்கள். பிளாக்பெர்ரிக்கு இந்தப் பக்கம் அப்படிப்பட்ட பெயர் கிடையாது.

பிரசவத்தை எளிதாக்கும் என்ற புகழ்தான் மிகப் பெரியது. சான்று அந்த அளவுக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் 2001-இல் வெளியான ஆய்வில், 192 தலைப்பிரசவப் பெண்களில் ஒரு பாதிக்கு கர்ப்பத்தின் 32-ஆம் வாரம் முதல் நாளுக்கு இரண்டு முறை 1.2 கிராம் ராஸ்பெர்ரி இலை மாத்திரை கொடுத்தார்கள். கருப்பை வாய் திறக்கும் முதல் கட்ட வலி நேரம் குறையவில்லை. குழந்தை வெளிவரும் இரண்டாம் கட்டத்தில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் மிச்சமானது. இடுக்கி போன்ற கருவி வைத்து எடுக்கும் பிரசவமும் குறைவாக இருந்தது. இவ்வளவு சிறிய ஆய்வை வைத்து எவருக்கும் பரிந்துரைக்க முடியாது. போதிய தரவு இல்லை என்பதால் கர்ப்பகாலத்தில் இதை மேற்கண்ட முகமையும் பரிந்துரைப்பதில்லை. முதல் மூன்று மாதத்தில் தொடவே வேண்டாம். பிறகும், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லாமல் எந்த வடிவிலும் எடுக்கக் கூடாது. முந்தைய சிசேரியன், ரத்தக்கசிவு, குறைப்பிரசவ அபாயம் இருந்தால் தவிர்ப்பதே சரி.

எந்த இலையானாலும், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கும் இலைத் தேநீருக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.