ரூட் இல்லாத இடது கை: ஜாஸ் பியானோவில் சில வருட அனுபவம்

ஜாஸ் பியானோவுக்காக இடது கையில் ரூட்லெஸ் வாய்சிங் பழகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், ரூட் அதற்குப் பெயர் தரும் அடிச் சுரம், அந்த ரூட்டை விட்டுவிட்டு மற்ற சுரங்களை அடுக்கிப் பிடிப்பதுதான் ரூட்லெஸ் வாய்சிங். கை பழகியது ஒரு காலம், காது பழகியது வேறொரு காலம். பாடங்களில் பெரும்பாலும் கையைப் பற்றித்தான் பேச்சு வருகிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

விஷயம் சிக்கலானதல்ல. பட் பவல் காலத்துப் பியானிஸ்டுகள் இடது கையில் ரூட்டோடு இன்னொரு சுரம், அதாவது ரூட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவதோ ஏழாவதோ, சேர்த்து வாசிப்பார்கள். அதற்கு ஷெல் என்று பெயர். 1950களின் பிற்பகுதியில் ரெட் கார்லண்ட், விண்டன் கெல்லி, பில் எவன்ஸ் போன்றவர்கள் ரூட்டை, கீழ்ச் சுரங்களைத் தரும் பாஸ் வாசிப்பவரிடம் விட்டுவிட்டு, இடது கையில் 3, 5, 7, 9 என்று மேல் சுரங்களை மட்டும் பிடித்தார்கள்.

டி மைனர் செவன் என்ற கார்டுக்கு எஃப்-ஏ-சி-ஈ. சுண்டுவிரல் எஃப்பில், கட்டைவிரல் ஈயில். அடுத்து ஜி செவன் வர வேண்டுமென்றால், சியில் இருக்கும் ஆள்காட்டி விரலைப் பக்கத்து பிக்கு இறக்கினால் போதும்: எஃப்-ஏ-பி-ஈ. மற்ற மூன்று விரல்களும் அசைவதே இல்லை. அங்கிருந்து சி மேஜருக்குப் போகும்போது பி மட்டும் நிற்கும், மற்ற மூன்றும் ஒரு படி இறங்கி ஈ-ஜி-பி-டி ஆகும். டூ-ஃபைவ்-ஒன் என்று ஜாஸில் அடிக்கடி வரும் இந்த மூன்று கார்டு வரிசை இவ்வளவுதானா என்று முதல் வாரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரூட்டைத் தேடிக் கீழே குதித்துக் கொண்டிருந்த கைக்கு இது பெரிய விடுதலை.

3, 5, 7, 9 என்ற அடுக்குக்கு ஏ வகை என்று பெயர். இதையே 7, 9, 3, 5 என்று அடுக்கினால் பி வகை. ஜி மேஜரில் ஏ மைனர் செவனுக்கு ஏ வகை பிடித்தால் கை ஒன்று ரொம்பக் கீழே போகும், இல்லை வலது கையின் இடத்துக்கு ஏறிவிடும். ஜி-பி-சி-ஈ என்று பி வகையில் பிடித்தால் நடு சியைச் சுற்றியே உட்கார்ந்துவிடும். நடு சிக்குக் கீழே இருக்கும் எஃப், ஈ வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் நெருக்கமான சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக் குழம்புகின்றன. கீழ் ஸ்தாயியில் அவ்வளவு சிறிய இடைவெளிகளைக் காது பிரித்துக் கேட்பதில்லை. எனவே பன்னிரண்டு கீயிலும் இரண்டு வகையும் தெரிய வேண்டும் என்று சொல்வது வெறும் கண்டிப்பு இல்லை, தேவைதான்.

சரி, காது விஷயத்துக்கு வருகிறேன். ஈ பிளாட்-ஜி-ஏ-டி என்ற நான்கு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸில் எஃப் ஒலித்தால் அது எஃப் தர்டீன். சி ஒலித்தால் சி மைனர் சிக்ஸ் நைன். பி ஒலித்தால் ஆல்டர்டு பி செவன், அதாவது ஐந்தாவதும் ஒன்பதாவதும் மாற்றப்பட்ட பி செவன். ஒரே பிடி, மூன்று வேலை. தாளில் படிக்கும்போது இது அருமையான சிக்கனம். தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது கதை வேறு: பாஸ் இல்லாததால், கை சரியான இடத்தில் இருந்தும் நான் பாட்டில் எங்கே இருக்கிறேன் என்பது மங்கிவிடும். வடிவங்களை மட்டும் மனப்பாடம் செய்து ஓட்டுகிறவர்கள் எட்டு பார் (தாள ஆவர்த்தனம்) தாண்டுவதற்குள் தொலைந்து போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் உதவியது ஒரு எளிய பழக்கம். இடது கையில் ரூட்டை மட்டும் கீழே வைத்து, அந்த நான்கு சுர வாய்சிங்கை வலது கையில் வாசிப்பது. மெட்டு வேண்டாம், இம்ப்ரொவைசேஷன் வேண்டாம். பாட்டு முழுக்க அப்படி மெதுவாகப் போக வேண்டும். அப்புறம் வாய்சிங்கை இடது கைக்கு மாற்றி, ரூட்டை வாயால் பாட வேண்டும். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டாவது படி சலிப்பூட்டும், ஆனால் ரூட் காதில் தங்குவது அங்கேதான். அதற்குப் பிறகு பின்னணி இசை தரும் ஐரியல் ப்ரோ செயலியில் பியானோ ஒலியை நிறுத்திவிட்டு, பாஸும் டிரம்ஸும் மட்டும் ஓடவிட்டு வாசிக்கலாம். அதை முதல் நாளிலிருந்தே ஊன்றுகோலாக வைத்துக்கொள்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவன்ஸ் 1961இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் வாசித்த பால் மோஷியனோடு வாசித்த பதிவுகளை இந்தக் கோணத்தில் கேட்டுப் பாருங்கள். எவன்ஸின் இடது கையில் ரூட் இல்லை. லஃபாரோவும் எல்லா பாரிலும் ரூட்டில் வந்து இறங்குவதில்லை, அவர் தன் போக்கில் மேல் சுரங்களில் பேசிக் கொண்டிருக்கிறார். ஆனாலும் பாட்டின் அமைப்பு நழுவுவதில்லை. மூவரின் காதிலும் அது ஓடிக் கொண்டிருக்கிறது.

மைனர் டூ-ஃபைவ்-ஒன் எனக்குத் தாமதமாகவே பிடிபட்டது. அதன் முதல் கார்டான ஹாஃப் டிமினிஷ்டில் ஒன்பதாவதைச் சேர்த்தால் பல பாட்டுகளில் ஒட்டாது, அதனால் அங்கே ரூட்டைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். ஏ மைனரில் நான் நிலைத்தது இதில்: ஏ-பி-டி-எஃப், அடுத்து ஜி ஷார்ப்-சி-டி-எஃப், கடைசியில் எஃப் ஷார்ப்-பி-சி-ஈ. அடிச் சுரம் இறங்கிக்கொண்டே வருவதைக் கேட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது.

குறைகளும் உண்டு. நான்கு சுரமும் எப்போதும் ஒலித்தால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே நிறம் வந்துவிடுகிறது. வேகமான பாட்டில் நான் ஐந்தாவதை விட்டுவிடுகிறேன், பல நேரம் 3, 7 மட்டும்தான். தாளத்தில் சரியாக விழுந்த இரண்டு சுரம், தடுமாறி விழுந்த நான்கு சுரத்தைவிட எவ்வளவோ மேல். பாடகர் ஒருவருக்கு பாஸ் இல்லாமல் தனியாகப் பக்கவாத்தியமாக வாசிப்பதற்கும் இது பொருந்தாது, அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கீழே ஒன்றும் இருக்காது. அங்கே ஷெல்லுக்கே திரும்புகிறேன். ஷெல் தெரியாமல் நேராக இதற்கு வருகிறவர்களையும் அதற்கே அனுப்புவேன்.

கார்டு அதிகம் மாறாத மோடல் பாட்டுகளிலும் இதற்கு வேலை குறைவு. எட்டு பார் முழுக்க டி மைனர் மட்டும் என்றால் எஃப்-ஏ-சி-ஈயை எத்தனை தடவை அடிப்பது? அந்த இடத்துக்கு ஜாஸ் பியானிஸ்ட் மெக்காய் டைனர் வழியில் நான்காம் இடைவெளிகளை அடுக்க ஆரம்பித்திருக்கிறேன்: டி-ஜி-சி, ஒரு படி மேலே ஈ-ஏ-டி, திரும்பக் கீழே. இப்போதைக்கு டி மைனரில் மட்டும்தான் சரளமாக வருகிறது.