அழிந்துபோன குளம்பு விலங்குகள் பொம்மைப் பெட்டி: வாங்கலாமா?

சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பொம்மைக் கடையில் 45 வெள்ளிக்கு இந்தப் பெட்டி கிடைக்கிறது. உள்ளே ரப்பர் விலங்குகள், கூடவே எது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டும் வண்ண அட்டை. டைனசோர் எந்தக் கடையிலும் குவிந்து கிடக்கும், ஆனால் தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்துபோன மேக்ரௌக்கீனியாவும் டாக்சோடானும் நம்ம ஊர்க் கடைக்கு வந்திருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பொம்மையில் குறையே இல்லை. மேக்ரௌக்கீனியாவைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு பாதத்திலும் மூன்று விரல், நடுவிரல் கொஞ்சம் பெரிது, நீளக் கழுத்து, முகத்தில் ஒரு சின்னத் தும்பிக்கை. (தும்பிக்கை உண்மையில் இருந்ததா என்பது இன்னும் முடியாத வாதம், பொம்மைதானே, விட்டுவிடலாம்.) சோப்புப் போட்டுக் கழுவியும் சாயம் போகவில்லை.

கோபம் வருவது அட்டையைப் பார்த்துத்தான். மேக்ரௌக்கீனியாவை ஒட்டகத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள், டாக்சோடானை நீர்யானைக்குப் பக்கத்தில். டார்வின் 1834இல் தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியான பட்டகோனியாவில் எடுத்த எலும்புகளைப் பார்த்து விலங்கியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் 1838இல் மேக்ரௌக்கீனியா என்று பெயர் வைத்தபோது ஒட்டக உறவு பேசியது சரி, அவர் கையில் இருந்தது எலும்பு மட்டும்தான். 2015இல் இந்த இரண்டு விலங்குகளின் எலும்பிலும் மிச்சமிருந்த கொலாஜன் புரதத்தைப் படித்துவிட்டார்கள். டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும், கொலாஜன் அதைவிட நாள் தாங்கும், அதனால்தான் புரதம் முதலில் பேசியது. 2017இல் சிலி நாட்டுக் குகை எலும்பிலிருந்து மேக்ரௌக்கீனியாவின் மைட்டோகாண்டிரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) டிஎன்ஏவும் வந்தது. இரண்டும் சொல்வது ஒன்றே: குதிரை, காண்டாமிருகம், குட்டித் தும்பிக்கை உள்ள தாப்பிர் அடங்கிய ஒற்றைப்படை விரல் கூட்டம்தான் நெருங்கிய சொந்தம். அந்தக் கூட்டத்துக்கு உள்ளே இல்லை, பக்கத்துக் கிளை, அதுவும் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த கிளை. ஒட்டகம் இரட்டைப்படை விரல் கூட்டம், அதன் கணுக்கால் எலும்புக்கு மேலும் கீழும் கப்பி போன்ற அமைப்பு இருக்கும், மேக்ரௌக்கீனியாவுக்கு அது கிடையாது.

இதைவிட எனக்கு வருத்தம், அட்டையில் தாப்பிரே இல்லை. தென் அமெரிக்காவில் அழிந்துபோன ஒரு விலங்குக்கு உயிரோடு இருக்கிற சொந்தம் நம்ம பேராக்கில், பெலும் காட்டில் நடமாடுகிறது, பின்னங்காலில் அதே மூன்று விரலோடு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் எது?

கடைக்காரரிடம் சொன்னேன். “சரிங்கக்கா, ஏஜண்டுகிட்ட சொல்றேன்” என்றார், சொல்வார் என்றே நம்புகிறேன். பொம்மைக்காக மட்டுமே 45 வெள்ளி தகும், தாராளமாக வாங்குங்கள். பிள்ளை கையில் கொடுக்கும் முன் ஒட்டகக் கட்டத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி, தாப்பிர் படம் வரைந்துவிடுங்கள்.