கோத்தகிரியிலிருந்து ஹட்டனுக்கு: கட்டுநாயக்காவா, பலாலியா, கப்பலா?

நீலகிரியிலிருந்து இலங்கைக்குப் புறப்படுகிறவர்களில் பலருக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் கொழும்புக் கடற்கரை அன்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய மலையூர்கள்தாம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோராக வந்து, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் டான்டீ எனப்படும் தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களிலும் அவற்றைச் சுற்றியும் குடியமர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், இப்போது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு, பாட்டி பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டைப், பார்ப்பதையும் நான்கு நாள் விடுமுறையையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ள விரும்புகிறார்கள். "கட்டுநாயக்காவில் கூட்டம் நெரிகிறதாமே, யாழ்ப்பாணம் வழியாகவோ கப்பலிலோ போனால் என்ன?" என்று அவர்கள் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பயணச்சீட்டின் விலையையும் வானத்தில் கழியும் நேரத்தையும் மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. இங்கே ஒரு மலையை இறங்கி அங்கே ஒரு மலையை ஏறுகிறவருக்கு, இரு கரைகளிலும் தரைவழியில் எத்தனை மணி நேரம் போகிறது என்பதே முதற்கணக்கு.

கட்டுநாயக்காவில் உள்ள பண்டாரநாயக்க பன்னாட்டு விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், நீர்கொழும்பை ஒட்டி அமைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக இருந்த இடம் அது. தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள் என்பதால், கூட்டத்தைப் பற்றிய புகார் பொய்யில்லை. ஆண்டுக்கு 60 லட்சம் பயணிகளைக் கணக்கிட்டு அமைக்கப்பட்ட முனையத்தை 2018இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர். அதற்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட இரண்டாவது முனையத்தின் பணி 2022இன் பொருளாதார நெருக்கடியில் நின்றுபோனது. ஓடுபாதையும் ஒன்றுதான். 2017இன் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்த மூன்று மாதங்களும் பகலில் எட்டு மணி நேரம் நிலையத்தையே மூடி, எல்லா விமானங்களையும் இரவுக்கும் காலைக்கும் தள்ள வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் நெருக்கடி எத்தகையது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்தக் கூட்டம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தொலைதூர விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திறங்கும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் குடிவரவு வரிசை நீளும். தென்னிந்தியாவிலிருந்து வரும் ஒரு மணி நேர விமானங்களில் பகல் நேரத்ததைத் தேர்ந்துகொண்டால் காத்திருப்பு பெரிதும் குறையும். பகலில் இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஹட்டனுக்கான மலைப்பாதையில் இருட்டில் ஏறுவது, கோத்தகிரிக் கொண்டையூசி வளைவுகளில் பழகியவருக்குக்கூட அவ்வளவு உகந்ததன்று. வாடகை வண்டியில் போகிறவர் கொழும்பு நகருக்குள் நுழையாமலேயே கண்டி வீதியைப் பிடிக்கலாம். ரயிலை விரும்புகிறவர் 187ஆம் எண் பேருந்தில் விரைவுச்சாலை வழியாகக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையப் பகுதிக்குப் போய், பதுளை செல்லும் வண்டியில் ஏறினால், ஹட்டனிலோ நுவரெலியாவுக்கு இறங்குமிடமான நானுஓயாவிலோ இறங்கிக்கொள்ளலாம். 2013இல் அந்த விரைவுச்சாலை திறக்கப்படுவதற்கு முன்பு நீர்கொழும்பு வீதி நெரிசலில் ஊர்ந்து கோட்டைக்குப் போவதே தனிப் பயணமாக இருந்தது. இன்று வழியில் நெரிசல் இல்லாவிட்டால் அது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற காரியம்.

அதே 2013இல் தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் திறக்கப்பட்ட மத்தளை விமான நிலையத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கத் தேவையில்லை. அதன் கிடங்கில் நெல் மூட்டைகளை அடுக்கிவைத்த காலமும் உண்டு.

பலாலியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வான்தளமாகவே பிறந்த அது, 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து தொடங்கிய சேவை பெருந்தொற்றில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டு, 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் நீண்டது. ஓடுபாதையின் நீளம் குறைவு என்பதால் அங்கே ஏடிஆர் வகைச் சிறு விசிறி விமானங்கள்தாம் இறங்குகின்றன. எழுபதைச் சுற்றியே பயணிகள், சிறிய கட்டடம், சுற்றிலும் தமிழ். கட்டுநாயக்காவின் நெரிசலை நினைத்து அஞ்சுகிறவருக்கு இவை கவர்ச்சியாகத் தெரிவது இயல்பே. நல்லூர்த் திருவிழாவுக்கும் நயினாதீவுக்கும் போகிறவருக்கு இதைவிடச் சிறந்த வாசல் இல்லை. ஆனால் ஹட்டனுக்குப் போகிறவர் அங்கே இறங்கினால், ஏ9 வீதியில் வன்னியைக் கடந்து, கண்டியை அடையவே 300 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். மலையேற்றம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குடிவரவு வரிசையில் மிச்சமான ஒரு மணி நேரத்துக்கு விலையாக ஒரு முழுப் பகலைக் கொடுப்பது நல்ல வாணிபமாக எனக்குத் தோன்றவில்லை.

கப்பலைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தயக்கம் வருகிறது, ஏனெனில் எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு அது வெறும் போக்குவரத்துச் சாதனமன்று. அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "வந்த வழியாகவே ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்துவிட வேண்டும்" என்று சொல்வதுண்டு. அந்த வழி 1984இல் நின்றுபோனது. இப்போது இருப்பது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் சேவை. 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. கடல்வழி ஏறத்தாழ நான்கு மணி நேரம். நூற்றைம்பது பேர் அமரும் கப்பல் அது.

காங்கேசன்துறைத் துறைமுகமும் பலாலியும் அருகருகே இருப்பதால், பலாலிக்குச் சொன்ன தரைவழிக் குறை கப்பலுக்கும் அப்படியே பொருந்துகிறது. இந்தக் கரையிலோ, கோத்தகிரிக்காரர் கோவை வந்து, அங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல் பயணித்துத் திருச்சியை அடைந்து, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக இன்னும் 140 கி.மீ. கிழக்கே போக வேண்டும். இதைவிடப் பெரிய இடர் பருவமழை. வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் கப்பல் நின்றுவிடும்; அதே மாதங்களில்தான் கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையிலும் குன்னூர்ச் சாலையிலும் மண் சரிகிறது. ஒரே மழை இரு முனைகளையும் அடைத்துவிடக்கூடிய வழியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம்பித் திட்டமிடுவது சரியாகாது. அந்த மழைக்குச் சென்னையும் விலக்கன்று: 2015 டிசம்பரில் அந்நகர விமான நிலையமே பல நாட்கள் மூடிக் கிடந்தது.

இனி இந்தப் பக்கத்துப் புறப்பாட்டை எடுத்துக்கொண்டால், கையருகே இருக்கும் கோவையிலிருந்து கொழும்புக்கு 2017இல் தொடங்கிய நேரடி விமானம் நிலைக்காமல் போனது நமக்குப் பெரும் இழப்பு. எனவே திருச்சி, கொச்சி, சென்னை ஆகியவற்றில் ஒன்றைத் தேர வேண்டியிருக்கிறது; மதுரையிலிருந்தும் விமானம் உண்டு, ஆனால் கோவைக்கு அப்பால் அதன் தூரமும் திருச்சியைப் போன்றதே. சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருப்பது பெரிய வசதி: இரவில் மேட்டுப்பாளையத்தில் ஏறிப் படுத்தால் காலையில் சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவிலேயே விமான நிலையம் போய்விடலாம், மூட்டையோடு இடையில் பேருந்து மாற வேண்டியதில்லை. திருச்சி விமானங்கள் குறைவு, ஆனால் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமானது. கொச்சியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நெடும்பாசேரி விமான நிலையம் கொச்சி நகருக்கு வடக்கே இருப்பதால் கோவையிலிருந்து பார்த்தால் திருச்சியைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ரயிலில் அங்கமாலியில் இறங்கினால் ஆட்டோ தூரம். கூடலூர், பந்தலூர்க்காரருக்கு நாடுகாணிச் சாலை வழியாக இறங்குவது இன்னும் எளிது. அவர்கள் பெங்களூருவை நினைப்பதுண்டு. ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அடைபட்டிருக்கும் என்பதையும், தேவனஹள்ளியில் உள்ள அதன் விமான நிலையம் நகரின் மறுகோடியில் இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மலையகத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு என் தேர்வு தயக்கமின்றிக் கட்டுநாயக்காதான்: கோத்தகிரி, குன்னூர்க்காரர் கொச்சியிலிருந்தோ, முதியவர் உடன் வந்தால் ரயில் வசதிக்காகச் சென்னையிலிருந்தோ ஏறலாம். ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு உள்ளவருக்கு இரு வாசல்களையும் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. கட்டுநாயக்காவில் இறங்கி, ஹட்டன், நுவரெலியா, கண்டி என்று உறவினரைப் பார்த்துவிட்டு, அதே ஏ9 வீதியில் அவசரமின்றி வடக்கே ஏறி, யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கி, பலாலியிலிருந்து திருச்சிக்குப் பறந்துவிடலாம். பலாலியின் தொலைவு அப்போது குறையாகத் தெரியாது. பெரியம்மாவுக்கும் கடலைப் பார்த்த திருப்தி வேண்டுமென்றால், காற்று அடங்கிய மாதங்களில் திரும்பும் வழிக்கு மட்டும் கப்பலை வைத்துக்கொள்ளலாம். சிறு விமானத்தில் மூட்டைக்கு உள்ள எடை வரம்பைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் உறவினர் கட்டிக்கொடுக்கும் தேயிலைத் தூளும் மாசிக் கருவாடும் திரும்பும்போதுதான் கனக்கும். திருச்சியில் மாலையில் இறங்குகிறவர் அன்றே மலையேற நினைக்காமல் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இரவு தங்கி, காலை முதல் பேருந்தைப் பிடிப்பது நல்லது.