டெக்ஸ்சரை இறக்குவதா, நாமே எடுப்பதா? தனுஷ்கோடிப் படம் ஒன்றை வைத்து ஓர் அலசல்

பங்குனியில் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போகும் வழியில், பெண் கடல் (அலை குறைந்த வங்கக் கடல்) பக்கம் எடுத்த படம். கீழே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், கரையேற்றிய ஒற்றை வத்தைப் படகு, மேலே முழுக்க வெறும் வானம். அக்கா வீட்டுப் புதுமனைக்குக் கொடுக்கலாம் என்று இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பழைய சுவர் டெக்ஸ்சரை (சொரசொரப்பும் வெடிப்பும் தெரியும் மேற்பரப்புப் படம்) வானத்தின் மேல் மெலிதாகப் போட்டு, 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் எடுத்துச் சட்டமும் போட்டேன். அக்கா பார்த்ததும், "கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிட்டாங்களா தம்பி?" என்று முந்தானையால் துடைக்கப் போனார். அன்றிலிருந்து இறக்கிய டெக்ஸ்சரையும் நானே எடுத்த டெக்ஸ்சரையும் ஒரே படத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன் செயலிகளில் வரும், படத்தைப் பழசாகக் காட்டும் கிரஞ்ச் பில்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்னாப்சீடில் விரலால் தேய்த்தாலே விதவிதமாக மாறும், ஸ்டேட்டஸுக்கு அழகாக இருக்கும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கும் லேயர் வேண்டும், கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும். காசில்லாத கிம்ப் மென்பொருள் போதும்.

இறக்கும் டெக்ஸ்சருக்கு வசதி அதிகம் என்பது தெரிந்ததுதான், ஐந்து நிமிடத்தில் ஐம்பது கிடைக்கும். உரிமம் படித்துவிட்டு இறக்குங்கள். விற்கும் படத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சிலவற்றில் போட்டிருப்பார்கள்.

என்னை நானே எடுக்கும் பக்கம் திருப்பியது அளவு ஒன்றுதான். 12க்கு 18 பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். என் கேமரா 24 மெகாபிக்சல், படம் 4000க்கு 6000, அதனால் பிரச்சினையே இல்லை. நான் இறக்கிய டெக்ஸ்சரின் நீளப் பக்கமோ 2000 பிக்சல்தான். படத்தை மூட அதை 2.7 மடங்கு இழுத்திருக்கிறேன். இரண்டு பிக்சல் அகலமிருந்த ஒரு புள்ளி, இழுத்த பிறகு ஐந்து பிக்சலுக்கு மேல் போய்விடும். பிரிண்டில் அது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர், அதுவும் ஓரம் மழுங்கிய அரை மில்லிமீட்டர். அதே தாளில் வத்தையின் கயிறும் மணலும் கூர்மையாக நிற்கின்றன. ஒரே படத்தில் ஒன்று கூர்மை, ஒன்று மழுங்கல் என்றால் கண் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை, மழுங்கியதைப் படத்துக்கு முன்னால் இருக்கும் கறை என்றே பார்க்கிறது. அக்கா கண்ணாடியைத் துடைக்கப் போனது அதனால்தான். திரையில் முழுப் படத்தையும் சுருக்கிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. நூறு சதவீதத்தில் வைத்து, வத்தையையும் பக்கத்து வானத்தையும் சேர்த்துப் பார்த்தால் உடனே தெரியும்.

அதே கேமராவில் நானே எடுத்த டெக்ஸ்சரில் இந்த வம்பே கிடையாது, பிக்சலுக்குப் பிக்சல் உட்காரும். என்னிடம் இப்போது இருப்பதில் நான் அதிகம் போடுவது தனுஷ்கோடிப் பழைய தேவாலயச் சுவர். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் நிற்கும் அந்தச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளக்கல் தெரியும், கல் முழுக்கப் பூப் பூவாகச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் ஓர் உயிர் இருந்த அறை. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு குழியிலும் பாதி நிழல் நிற்கும். டிரைபாட் வைத்து, கேமராவைச் சுவருக்கு நேர் இணையாக நிறுத்தி, லென்ஸ் துளையை எஃப் 8இல் வைத்து எடுத்தேன். சுவரில் சாயவோ சுரண்டவோ வேண்டாம், ஏற்கெனவே உதிர்கிறது.

எடுத்ததை அப்படியே போட முடியாது. ஒரு மூலை வெளிச்சமாகவும் ஒரு மூலை இருட்டாகவும் இருக்கும். கறுப்பு வெள்ளையாக்கி, நுணுக்கங்களை மட்டும் விட்டுவைக்கும் ஹை பாஸ் பில்டர் கொடுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு போய் நடுச் சாம்பலில் வந்து நிற்கும். அப்புறம் படத்தின் மேல் லேயராக வைத்து, சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் போட வேண்டும். அந்த முறையில் நடுச் சாம்பல் படத்தை மாற்றாது, குழியும் மேடும் மட்டும்தான் வேலை செய்யும். ஒபாசிட்டி, அதாவது டெக்ஸ்சரின் அடர்த்தி, 20 சதவீதத்தைத் தாண்டினால் எனக்குப் பிடிப்பதில்லை. வாலிநோக்கம் உப்பளத்தில், வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்த உப்புப் பொருக்கு வேறு ரகம், கிட்டத்தட்ட வெள்ளை. அதை மல்டிப்ளை என்ற இன்னொரு கலப்பு முறையில் போட்டால் வெள்ளை மறைந்து வெடிப்புக் கோடுகள் மட்டும் நிற்கும். சுவரில் வெயில் இடமிருந்து, படத்தில் வலமிருந்து என்றால் டெக்ஸ்சரைக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திருப்பிவிடுங்கள்.

எந்த டெக்ஸ்சராக இருந்தாலும் படம் எடுக்கும்போதே அதற்கு இடம் விட வேண்டும். பங்குனியில் பெண் கடல் பக்கம் தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும், அங்கே டெக்ஸ்சர் நன்றாகத் தங்கும். ஆண் கடல் (எதிர்ப்புறத்து மன்னார் வளைகுடா) பக்கம் அலையே போதுமான டெக்ஸ்சர், அதன் மேல் இன்னொன்று போட்டால் இரண்டும் கெடும். வாடை வீசும் மாதங்களில் இந்தக் கணக்கு மாறும். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தையும் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தையும் ஒரே சட்டத்தில் எடுத்தபோது தூணும் கம்பியுமாக நிறைந்துவிட்டது. அங்கே மாஸ்க் போட்டுப் பாலத்தின் மேலிருந்து டெக்ஸ்சரைத் துடைத்து, வானத்தில் மட்டும் விட்டேன்.

இறக்கியவற்றை முழுவதும் அழித்துவிடவில்லை. பழைய தாள், பிலிம் கீறல் போன்றவை நம் கடற்கரையில் கிடைக்காது, சின்ன பிரிண்ட்டுக்கு அவை தாராளமாகப் போதும். காசு கொடுத்து வாங்கும் பெரிய அளவுத் தொகுப்பு ஒன்றே ஒன்றுதான் வாங்கியிருக்கிறேன், அதில் அளவுப் பிரச்சினை இல்லை. ஒன்றை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கேன்வாஸில் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, துணியின் நெசவே ஒரு டெக்ஸ்சர் என்பதால் அங்கே இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம்.

அக்கா வீட்டுப் படத்தைப் பவளக்கல் சுவர் போட்டு மறுபடி பிரிண்ட் எடுத்து மாற்றிவிட்டேன். இந்த முறை கண்ணாடியைத் தொடாமல் கிட்டப் போய் நின்று, "வானத்துல இது என்ன, பூ மாதிரி?" என்று கேட்டார்.