ஸ்பானிஷ் முதல் படி: நேர் வகுப்பா, ஆன்லைனா, ஆப்பா, ஆன்டிகுவாவா?

அக்கா மகள் இந்த ஆகஸ்டில் டெக்சாஸில் கல்லூரி சேர்கிறாள். அவள் எடுத்திருக்கும் படிப்புக்கு இரண்டு செமஸ்டர் வெளிநாட்டு மொழி கட்டாயம். ஸ்பானிஷ் என்று முடிவு செய்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "சித்தி, நேர் வகுப்புக்குப் போகட்டுமா, ஆன்லைன்ல எடுக்கட்டுமா? என் ஃபிரண்டு என்னடான்னா ஆப்ல படிச்சு க்ளெப் பரீட்சை எழுதிட்டா போதும்ங்கிறா." க்ளெப் என்பது, தேறினால் வகுப்புக்குப் போகாமலேயே கல்லூரி க்ரெடிட் வாங்கித் தரும் பரீட்சை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் இரண்டையும் செய்து பார்த்தவள். ஹூஸ்டனில் வேலை முடிந்த பிறகு, ஒரு கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டரை நேரில் உட்கார்ந்து படித்தேன். அடுத்த செமஸ்டரில் வேலை நேரம் மாறியதால் ஆன்லைனில் எடுத்தேன். டெக்சாஸில் இந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுவான எண்கள் உண்டு: ஸ்பான் 1411, ஸ்பான் 1412. முதல் இலக்கம் முதலாண்டுப் பாடம் என்பதைக் குறிக்கும், இரண்டாவது 4 க்ரெடிட் என்பதை. கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டணமும் பல்கலைக்கழகத்தைவிட நன்றாகவே குறைவு.

நேர் வகுப்பின் முதல் மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 24 பேர். எங்கள் புரொஃபெசோரா, அதாவது ஆசிரியை, மெக்சிகோவின் மான்டெர்ரேக்காரர். உள்ளே வந்ததிலிருந்து ஒரு ஆங்கிலச் சொல் பேசவில்லை. நெஞ்சில் கை வைத்து "மே யாமோ" என்று தன் பெயரைச் சொன்னார். முன்வரிசைப் பையனைப் பார்த்து "கோமோ தெ யாமாஸ்?" என்றார். அவன் விழித்தான். அவர் அவசரப்படவில்லை. மறுபடி நெஞ்சில் கை, மறுபடி தன் பெயர், மறுபடி அவன் பக்கம் கை. அவன் சொன்னான். பத்து நிமிடத்தில் 24 பேரும் சொல்லிவிட்டோம். இலக்கணம் என்று ஒரு வரிகூட போர்டில் எழுதவில்லை. என் முறை வந்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. ஆனால் அந்த இரண்டு சொற்களும் அன்றைக்கு நாக்கில் ஏறியவைதான், இன்றுவரை இறங்கவில்லை.

செமஸ்டர் முடிவில் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு. நேற்று என்ன செய்தாய் என்று கேட்டார். அக்கா வீட்டுக்குப் போனேன் என்று சொல்ல நினைத்து "வோய்" என்றேன். அதற்குப் 'போகிறேன்' என்று அர்த்தம். அவர் திருத்தவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தி "அயேர்?" என்றார். நேற்று அல்லவா என்று கேட்கிறார். பிறகு காத்திருந்தார். நாலைந்து நொடிதான் இருக்கும், எனக்கு நெடுநேரமாகத் தெரிந்தது. "ஃபுயி" என்றேன், போனேன் என்று. தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்தச் சொல்லை நான் அதற்கப்புறம் தப்பாகச் சொன்னதே இல்லை. ஒருவர் நம் பதிலுக்காகக் காத்திருப்பதுதான் நேர் வகுப்பில் கிடைப்பது. மற்ற வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஆன்லைன் 1412-க்கும் அதே பாடப்புத்தகம், அதே க்ரெடிட். ஆனால் ஆசிரியர் எந்த நேரத்திலும் எங்களோடு நேரடியாகப் பேசாத வகை அது. வீட்டுப்பாடத்தைக் கணினியே திருத்தும். ஓர் எழுத்தின் மேல் போடவேண்டிய சாய்கோடு விடுபட்டால் முழு விடையும் தவறு. பேச்சுப் பயிற்சி என்று வாரம் ஒரு வீடியோ அனுப்பவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவேண்டியதை எழுதி, திருத்தி, கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் படித்தேன். வகுப்பில் பலரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது அவர்கள் கண் ஓடும் விதத்திலேயே தெரிந்தது. 1411-இல் எனக்கு வந்தது 'பி'. 1412-இல் 'ஏ'. ஆனால் பேச்சு வந்தது 'பி' வாங்கிய செமஸ்டரில்தான். ஆன்லைனிலேயே குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றுகூடிப் பேசும் வகையும் உண்டு. பதிவு செய்யும்போது அதைத் தேடிப் பாருங்கள், இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

எந்த வகுப்பானாலும் வீட்டுப்பாடத்துக்கு டிஜிட்டல் குறியீடு ஒன்றை விலைக்கு வாங்கச் சொல்வார்கள். அது பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டும். பழைய புத்தகத்தைச் சகாய விலையில் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம், குறியீடு தனியாக வேண்டியிருக்கும்.

சரி, ஆப். மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ ஆப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன் ஸ்பானிஷ் பேசும் குவாத்தமாலாவில் பிறந்தவர். பேருந்தில் 15 நிமிடம், சமையலறையில் குக்கர் விசில் வரும்வரை ஐந்து நிமிடம் என்று சிதறிக் கிடக்கும் நேரத்தைச் சேர்த்துச் சொற்களைச் சேகரிக்க அதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. இலவசமாகவே தொடங்கலாம். ஆனால் கீழே கிடக்கும் சொற்களை விரலால் தொட்டு வரிசைப்படுத்துவது ஒரு வேலை, வெறும் வாயிலிருந்து வாக்கியத்தை எடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் கண்ணுக்குப் பழகியதை அடையாளம் கண்டால் போதும். தினமும் விடாமல் ஆப் போட்டு வந்த ஆபீஸ் தோழி ஒருத்தி, மதிய உணவுக் கடையில் 'வெங்காயம் வேண்டாம்' என்று சொல்ல முடியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு 'செபோயா' என்ற சொல் தெரியும், 'சின்' என்றால் 'இல்லாமல்' என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து 'சின் செபோயா' என்று வாயைத் திறந்து சொல்லத்தான் பழகவில்லை.

ஒலிப்பாடம் இதைவிட ஒரு படி மேல். லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற இலவசப் பாடத்தில் 90 பகுதிகள். ஆசிரியர் கேள்வி கேட்பார், நாம் ஒலியை நிறுத்திவிட்டு வாய்விட்டுப் பதில் சொல்லவேண்டும். காரில் போகும்போது நான் இப்படித்தான் படித்தேன். ட்ரீமிங் ஸ்பானிஷ் என்ற வீடியோ தளம் வேறு பாதை: புரியும் அளவிலான வீடியோக்களை நூற்றுக்கணக்கான மணி நேரம் கேள், பேச்சை நெடுநாள் தள்ளிப்போடு என்கிறது. காது நன்றாகத் திறக்கும் என்பதில் சந்தேகமில்லை. டிசம்பரில் வாய்மொழித் தேர்வு வைத்திருக்கும் மாணவிக்கு அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

க்ளெப்பைப் பற்றி. ஸ்பானிஷ் க்ளெப்பின் வழக்கமான தேர்வு கேட்டலையும் வாசித்தலையும் மட்டுமே சோதிக்கிறது. பேசத் தேவையே இல்லை. பள்ளியில் மூன்று நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்தவளுக்கு அது நல்ல வழி, பணமும் ஒரு வருட நேரமும் மிச்சம். சுத்தமாகப் புதிதாகத் தொடங்குகிறவள் ஆப்பை மட்டும் நம்பி அந்தப் பரீட்சைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதித் தேறினாலும் க்ரெடிட் இருக்கும், மொழி இருக்காது.

கடைசியாக ஆன்டிகுவா. குவாத்தமாலாவில், எரிமலைகள் சூழ்ந்த பழைய ஊர். அங்கே ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், தினம் நான்கு மணி நேரம், தங்குவது உள்ளூர்க் குடும்பத்தோடு. என் கல்லூரி வகுப்பு வாரத்துக்கு 4 மணி நேரம், 16 வாரம், ஆக 64 மணி நேரம். ஆன்டிகுவாவில் மூன்றே வாரத்தில் 60 மணி நேரம் ஆகிவிடும், அதுவும் எதிரே ஒருவர் நமக்காகவே உட்கார்ந்திருக்க. 24 பேர் வகுப்பில் என் வாய் திறந்திருந்த நேரத்தையும் அங்கே திறந்திருந்த நேரத்தையும் ஒப்பிடவே முடியாது. 1412 முடித்துவிட்டு இரண்டு வாரம் போனேன். காலையில் வகுப்பு, மதியம் அந்த வீட்டுப் பாட்டியோடு சோளமாவு தட்டிக்கொண்டே பேச்சு. என் பக்கத்து மேசையில் எதுவுமே தெரியாமல் வந்திருந்த ஒரு பெண், முதல் வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவளுக்கு அந்த வாரம் பெரும்பாலும் வீணாகத்தான் போனது. அதனால் ஆன்டிகுவா முதல் படி இல்லை. அடிப்படையை முடித்துவிட்டுப் போனால் அதற்கு இணையானது எதுவும் இல்லை.

இந்த 64 மணி நேரத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பள்ளி, ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஸ்பானிஷ் எளிதான பிரிவு என்று சொல்லி, வேலை பார்க்கும் அளவு தேர்ச்சிக்கு ஏறக்குறைய 600, 700 வகுப்பு மணி நேரம் கணக்குப் போடுகிறது. தமிழுக்கு அவர்கள் போடுவது ஆயிரத்துக்கும் மேல். ஆக ஒரு செமஸ்டர் என்பது பத்தில் ஒரு பங்குதான். வீடு, குடும்பம், சாப்பாடு, நேற்று நடந்தது, நாளை செய்யப்போவது ஆகியவற்றைத் தட்டுத்தடுமாறிச் சொல்ல வரும். அது போதும், அது சின்ன விஷயமும் இல்லை.

பெரும்பாலான வழிகளில் இலக்கண விளக்கம் ஆங்கிலம் வழியாகத்தான் வரும். தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு அங்கே ஒன்று சொல்லவேண்டும்: பல இடங்களில் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழில் யோசியுங்கள். 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தில் வகுப்பே திணறியது, 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கிப் பழகியவர்கள் அவர்கள். நமக்கோ அது அப்படியே 'எனக்குக் காபி பிடிக்கும்'. வினையின் முடிவே யார் என்று சொல்லிவிடுவதால் 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்', 'நான்' தேவையில்லை. 'தூ', 'உஸ்தெத்' வேறுபாடு நீ, நீங்கள்தான். 'நாதா' என்பதில் நடுவில் வரும் ஒலி நம் 'அது'வில் வரும் அதே மென்மையான ஒலி. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய், இந்த ர, ற வேறுபாட்டை நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இன்றும் பேச்சில் வைத்திருக்கிறார்கள்.

'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் உள்ள 'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள் எல்லோரையும் படுத்தும். அவற்றுக்கு எனக்கு உதவியது இதுதான். 'நான் மாணவி' என்று வினையே இல்லாமல் நாம் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் 'செர்' வினையின் 'சோய்' வரும். 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்று 'இரு' போடும் இடத்தில் பெரும்பாலும் 'எஸ்தார்' வினையின் 'எஸ்தோய்' வரும். எப்போதும் பொருந்தாது, ஆனால் தொடக்கத்துக்கு நன்றாகத் தாங்கும்.

நம்மை உண்மையில் இடறவைப்பது சொற்களின் ஆண்பால், பெண்பால். மேசை, அலமாரி இரண்டும் போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தவை. ஸ்பானிஷில் 'மேசா', 'அர்மாரியோ' என்று தெரிந்த முகங்களாக நிற்கும். ஆனால் மேசா பெண்பால், அர்மாரியோ ஆண்பால். நமக்கு இரண்டும் 'அது'. இதற்குக் குறுக்கு வழியே இல்லை. சொல்லோடு, ஆண்பாலுக்கு முன்னால் வரும் 'எல்', பெண்பாலுக்கு முன்னால் வரும் 'லா'வையும் சேர்த்தே மனப்பாடம் செய்யவேண்டும். ஆப் உதவும் இடம் இதுதான், சலிக்காமல் நூறு தடவை கேட்கும்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது: 1411-ஐ நேரில் எடு. வாரம் இரண்டு நாள் நீளமாக நடக்கும் வகுப்பைவிட நான்கு நாள் குட்டியாக நடக்கும் வகுப்பு கிடைத்தால் அதை எடு, மறக்க நேரம் கிடைக்காது. ஆப்பைப் பேருந்துக்கு வைத்துக்கொள். வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், அவர்களைப் பார்த்து மிரளாதே, ஜோடி சேரும்போது அவர்கள் பக்கத்தில் போய் உட்கார். முதல் வாரத்தில் ஆசிரியர் முழுக்க ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினால் உடனே வேறு செக்‌ஷனுக்கு மாறு. மாற இடம் இல்லையென்றால், செமஸ்டரில் கல்லூரி நடக்கும் 12ஆவது நாளுக்குள் அந்தப் பாடத்தை விட்டுவிடு, மார்க் பட்டியலில் ஏறாது. அதற்கப்புறம் விட்டால், டெக்சாஸில் பட்டப்படிப்பு முழுவதற்கும் அனுமதிக்கும் ஆறு கைவிடல்களில் ஒன்று குறைந்துவிடும்.