ஒரே விடுமுறையில் வாசக்டமியும் இம்பிளாண்டும்: நாகர்கோவிலில் விசாரித்ததும் முடிவெடுத்ததும்

வளைகுடாவில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள் பல் கட்டுவது, கண்புரை எடுப்பது, மூலத்துக்கு அறுவை செய்வது என எல்லா வைத்தியத்தையும் ஊர் விடுமுறைக்கென்றே ஒதுக்கிவைப்பது வழக்கம். மஸ்கட்டிலிருந்து இம்முறை கிளம்பும்போது நானும் இரண்டு சிகிச்சைகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று, ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையான வாசக்டமி. மற்றொன்று, நெடுநாள் சர்க்கரை நோயால் விறைப்புத்தன்மை இழந்து, மாத்திரையும் ஊசியும் பலன் தராதவர்களுக்கு ஆணுறுப்பினுள் பொருத்தப்படும் இம்பிளாண்ட். இவற்றில் எதை முதலில் செய்வது, நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்ற கேள்விக்கு ஊரில் எனக்குக் கிடைத்த பதில்களையே இங்கே எழுதுகிறேன்.

இம்பிளாண்ட் வைத்துக்கொள்பவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு எதற்கு என்று என் மைத்துனரே கேட்டார். அந்தக் கருவி விறைப்பை மட்டுமே தருகிறது. விந்தணு உற்பத்தியையோ விந்து வெளியேறுவதையோ அது தொடுவதில்லை என்பதால், மனைவிக்குக் கருத்தரிக்கும் வயது இருக்கும்வரை கருத்தடையின் தேவையும் இருந்துகொண்டுதான் இருக்கும். என் மனைவிக்கு இருமுறை சிசேரியன் ஆகி வயிற்றினுள் ஒட்டல்கள் இருப்பதால், இன்னொரு முறை வயிற்றைத் திறக்க வேண்டாம் என்று மகப்பேறு மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

முதலில் சென்ற நாகர்கோவில் தனியார் மருத்துவமனை ஒன்றில், நோயாளியைப் பரிசோதிப்பதற்கு முன்பே விமானப் பயணச்சீட்டின் தேதியைக் கேட்டார்கள். இம்பிளாண்டை உடனே வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வாசக்டமியையும் முடித்து அனுப்பிவிடுவதாகவும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை என்றும் வரவேற்பு மேசையிலேயே சொல்லிவிட்டார்கள். துணிக்கடையில் வேட்டியோடு சட்டைத்துணியும் சேர்த்துக் கட்டிக்கொடுப்பது போன்ற அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க முடிவு செய்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த சிறுநீரக அறுவை மருத்துவர், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தே விளக்கினார். மூன்று பாகம் கொண்ட இம்பிளாண்டில் ஆணுறுப்பினுள் இரண்டு உருளைகள், அடிவயிற்றில் நீர் நிரம்பிய ஒரு பை, விதைப்பையில் ஒரு சிறிய பம்பு, இவற்றை இணைக்கும் மெல்லிய குழாய்கள் ஆகியவை இருக்கின்றன. வாசக்டமியில் துண்டிக்கப்படும் விந்துக்குழாயும் அதே விதைப்பையில்தான் ஓடுகிறது. எனவே கருவி உள்ளே வந்தபின் அங்கே மரப்பு ஊசி குத்தினாலோ, கத்தியோ மின்சூட்டுக் கருவியோ பட்டாலோ பம்பின் குழாய் சேதமடையக்கூடும். அதைவிடப் பெரிய அச்சம் கிருமித்தொற்று. கருவியில் தொற்று ஏறிவிட்டால் பெரும்பாலும் முழுக் கருவியையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதன்பின் உள்ளே தழும்பு கட்டி, மறுபடி வைப்பது கடினமாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு இந்த ஆபத்து மேலும் கூடுதல். “கருவி வெச்ச பிறகு அந்தப் பக்கம் அநாவசியமா யாரையும் கை வைக்க விடாதீங்க சார்” என்று சொல்லி, பம்பு வரைந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டார்.

ஆக, வாசக்டமி முன்னதாக நடக்க வேண்டும், அல்லது இம்பிளாண்ட் வைக்கும்போதே அதே கீறல் வழியாக விந்துக்குழாயையும் துண்டித்துவிட வேண்டும். சில மருத்துவர்கள் ஒரே அமர்வில் இரண்டையும் செய்கிறார்கள். ஒரே மயக்க மருந்து, ஒரே காயம் என்ற வசதி அதில் உண்டு. ஆனால் இம்பிளாண்ட் வைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் உறவு கூடாது. வீக்கம் வடிந்த பிறகுதான் பம்பை அழுத்தி விரிக்கவும் தளர்த்தவும் நோயாளிக்குப் பழக்கிக் காட்டுவார்கள். சாதாரண வருடாந்திர விடுமுறையில் வருகிறவன் அந்தப் பயிற்சிக்கு முன்பே விமானம் ஏறிவிட்டால், மஸ்கட்டில் யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது? என்னைப் பொறுத்தவரை விஷயம் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது: வாசக்டமி இந்த விடுமுறையில், இம்பிளாண்ட் நீண்ட விடுப்பு கிடைக்கும்போது.

வாசக்டமியை ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டேன். கத்தியின்றி ஒரு சிறு துளை வழியாகச் செய்யும் நவீன முறை அது; கட்டணம் இல்லை; அரசு 1,100 ரூபாய் ஊக்கத்தொகையும் தருகிறது. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென இருவார முகாமும் நடத்துகிறார்கள். இருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருப்போர் 37.9 விழுக்காடு, ஆண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடு. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், மனைவிக்குத்தான் விசாரிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு மகப்பேறு வார்டுக்கு வழி சொன்னார். உள்ளே ஆலோசகர் என்னைத் தனியே உட்காரவைத்து, இது நிரந்தரமானது என்பது புரிகிறதா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்கினார். மரப்பு ஊசி போட்டபோது சுருக்கென்றது. குழாயைப் பிடித்து வெளியே இழுத்தபோது அடிவயிறு வரை ஒரு கனமான இழுப்பு. “மூச்சப் பிடிச்சு வைக்காதீங்க அண்ணே” என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. தையல் இல்லை. அன்றே ஆட்டோவில் வீடு திரும்பினேன். பார்வதிபுரத்துக்கு அப்பால் இருந்த ஒவ்வொரு வேகத்தடையையும் நான் உணர்ந்தேன் என்பது வேறு கதை.

குழாயைத் துண்டித்த அன்றே கருத்தடை பலிப்பதில்லை. துண்டித்த இடத்துக்கு அப்பால் தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்; அதன்பின் விந்துப் பரிசோதனையில் தெளிவாக வந்தால்தான் வேறு கருத்தடையைக் கைவிடலாம். விறைப்புக் குறைவு உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விறைப்பு இல்லாவிட்டாலும் விந்து வெளியேற முடியும். எனவே அந்த வெளியேற்றத்தை இம்பிளாண்ட் வரும்வரை ஒத்திப்போடத் தேவையில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அந்த மாதங்களில் விதைப்பை வீக்கமோ இரத்தக்கட்டோ இன்றி முழுமையாக ஆறிவிடுவதால், இம்பிளாண்டுக்கும் அது நல்ல தயாரிப்பாக அமைகிறது.

எனக்கான பரிசோதனை மஸ்கட்டில் நடக்க வேண்டியிருப்பதால், வாசக்டமி நடந்த தேதியையும் முறையையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டேன். அது கையில் இல்லாவிட்டால் ஆய்வகத்தார் குழந்தையின்மைக்கான சோதனை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். மாதிரியை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதால், தங்குமிடத்துக்கு அருகிலேயே ஓர் ஆய்வகத்தைத் தேடிவைத்திருக்கிறேன். அறிக்கை வந்ததும் அதையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் சேர்த்து அனுப்பினால் இம்பிளாண்டுக்கு நாள் குறிப்பதாக நாகர்கோவில் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.